பழைய படுக்கையறைச் சாமான்களும் பழமைத் தோற்ற வர்ணப்பூச்சும்

நன்கு உலர்ந்த தேக்கினாலோ ஈட்டியினாலோ செய்யப்பட்ட கட்டிலும் அலமாரியும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு உழைக்கக்கூடியவை. ஆனால் அவற்றின் மேலுள்ள பூச்சு அத்தனை காலம் நிற்பதில்லை. மரம் உறுதியாக இருக்கையில் பூச்சு மட்டும் மங்கி, வெடித்து, உதிரத் தொடங்குகிறது. அந்நிலையில் சாமானைக் கழித்துவிடாமல் அதற்குப் புதுப் பூச்சு அளிப்பது குடும்பச் சிக்கனத்துக்கும் காட்டு வளத்தின் பாதுகாப்புக்கும் ஒருங்கே உகந்ததாகும்.

இத்தகைய பூச்சுகளுள் பழமைத் தோற்றம் தரும் பூச்சு ஒன்று அண்மைக் காலத்தில் பலராலும் விரும்பப்படுகிறது. பளபளப்பற்ற வர்ணத்தைப் பூசி, விளிம்புகளிலும் மூலைகளிலும் அதைச் சிறிது தேய்த்து அகற்றி, அடியிலுள்ள வேறொரு வர்ணம் வெளித்தெரியுமாறு விடுவதே இதன் முறை. பல்லாண்டுகளாகக் கைபட்டுத் தேய்ந்தது போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் நகரைச் சார்ந்த பட்டறைகளில் மாமரம், சிசு மரம், பழைய கட்டடங்களிலிருந்து பிரித்தெடுத்த மரம் ஆகியவற்றைக் கொண்டு இவ்வகைச் சாமான்கள் செய்யப்பெற்று அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. வீட்டிலிருக்கும் பழைய கட்டிலுக்குத் தாமே இத்தோற்றத்தைக் கொடுக்க முயல்வோரும் பெருகியுள்ளனர்.

இவ்வேலையில் மறைந்துள்ள ஓர் அபாயத்தை யாவரும் அறிதல் நலம். தேய்த்தல் இல்லாமல் இத்தோற்றம் இல்லை. தேய்க்கப்படுவது பழைய வர்ணமாக இருப்பின் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். தேய்க்கும்போது எழும் தூசி படுக்கையறை முழுவதும் படியும். ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் யாவும் ஒரே விதியை அடிப்படையாகக் கொண்டவை: பழமைத் தோற்றத்தைப் புதுப் பூச்சிலேயே உண்டாக்க வேண்டும்; பழைய பூச்சைத் தேய்த்து அதனை உண்டாக்கலாகாது.

வர்ணத்தில் ஈயம் வந்த விதம்

இங்கு ஈயம் என்பது காரீயத்தையே குறிக்கும். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறோர் உலோகமாகும்.

எண்ணெய் வர்ணத்தில் நிறமி, பற்றுப்பொருள், கரைப்பான், உலர்த்தி என்னும் நான்கு உறுப்புகள் உண்டு. நிறமி நிறத்தையும் மறைக்கும் ஆற்றலையும் தருகிறது. ஆளிவிதை எண்ணெய் போன்ற பற்றுப்பொருள் நிறமியின் துகள்களை ஒன்றோடொன்றும் மரத்தோடும் பிணைக்கிறது. இவ்வெண்ணெய் உலர்வது ஈரத்துணி உலர்வதைப் போன்றதன்று. எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான ஏடாக மாறுகின்றன. உலர்த்தி இவ்வினையை விரைவுபடுத்துகிறது.

ஈயத்தின் சேர்மங்கள் இவற்றுள் இரண்டு பணிகளுக்கு உதவின. காரீய கார்பனேட்டாகிய ஈய வெள்ளை பல நூற்றாண்டுகளாகத் தலைசிறந்த வெள்ளை நிறமியாக விளங்கிற்று. மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் ஈயக் குரோமேட்டு உபயோகிக்கப்பட்டது. அதனுடன் நீல நிறமியைக் கலந்து பச்சை வர்ணமும் செய்யப்பட்டது. உலர்த்திகளிலும் ஈயம் சேர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் தீங்கற்ற வெள்ளை நிறமி வாணிப அளவில் உற்பத்தியாகத் தொடங்கியபின், ஈய வெள்ளையின் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் வர்ணங்களில் ஈயம் நெடுங்காலம் நீடித்தது.

இதன் தீமை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் குழந்தைகளிடையே காணப்பட்ட ஈய நச்சுக்கு வீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என்று பிரிஸ்பேன் நகரின் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்ஸன் 1904-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1921-இல் நிறைவேற்றியது. அமெரிக்கா 1978-இல் வீட்டு வர்ணங்களில் ஈயத்தைத் தடை செய்தது. இந்தியாவில் மத்திய அரசு 2016 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. இவ்வரம்பு 2017 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்தேதியை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். பாட்டனார் காலத்துக் கட்டில் மட்டுமேயன்றி, 2010-இல் மஞ்சள் எனாமல் பூசப்பெற்ற அலமாரியும் ஐயத்துக்குரியதே. மேலும், இவ்விதிகள் வீட்டு வர்ணங்களுக்கும் அலங்கார வர்ணங்களுக்கும் உரியவை. வாகனங்களுக்கும் இயந்திரங்களுக்கும் உரிய வர்ணங்கள் இவற்றுள் அடங்கா. ஆதலின் பட்டறையில் எஞ்சிய வண்டி வர்ணத்தைக் கட்டிலுக்குப் பூசுவதைத் தவிர்க்க வேண்டும்.

தூசியின் கணக்கு

ஈயத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தாலன்றி இந்த அபாயத்தின் தன்மை விளங்காது. ஒரு பூச்சின் கனம் 50 மைக்ரோமீட்டர் என்றும், உலர்ந்த வர்ணத்தின் அடர்த்தி நீரைப்போல் இரு மடங்கு என்றும் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு கிராம் வர்ணம் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை, அதாவது ஓர் உள்ளங்கையளவான இடத்தை மூடியிருக்கும்.

இன்றைய விதிக்கு உட்பட்ட வர்ணமாயின் அந்த ஒரு கிராமில் உள்ள ஈயம் 90 மைக்ரோகிராமுக்கு மிகாது. பழைய ஈய வெள்ளை வர்ணங்கள் சிலவற்றில் உலர்ந்த எடையில் பாதியளவும் ஈயம் இருந்ததுண்டு. நாம் பத்தில் ஒரு பங்கு என்றே குறைத்துக் கொள்வோம். அப்போதும் ஒரு கிராமில் 1,00,000 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும்.

இந்த ஒரு கிராம், தூசியாகி 10 சதுர மீட்டர் பரப்புள்ள படுக்கையறையின் தரையில் சமமாகப் படிந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 10,000 மைக்ரோகிராம் ஈயம் சேரும். அமெரிக்க நாட்டில் வீட்டுத் தரைத் தூசிக்கு 2001-இல் விதிக்கப்பட்ட அபாய எல்லை ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம். இது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 430 மைக்ரோகிராமுக்குச் சமம். இந்த எல்லையும் போதிய பாதுகாப்பளிக்கவில்லை என்று கண்டு, 2019-இல் அதனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தனர். ஆக, உள்ளங்கையளவு பழைய வர்ணம் தூசியானால், ஓர் அறையின் தரை 2001-ஆம் ஆண்டின் எல்லையை இருபது மடங்குக்கு மேல் கடந்துவிடும். ஓர் அலமாரியின் கதவுகளை முழுவதும் தேய்த்தால் விளைவதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு நேரும் தீங்கு

தரையில் தவழும் குழந்தையின் கைகளிலும் விளையாட்டுச் சாமான்களிலும் இத்தூசி ஒட்டுகிறது. குழந்தை விரலைச் சூப்பும்போது அது வயிற்றை அடைகிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றினுள் சென்றாலும், வளர்ந்தோரைப்போல் நான்கு அல்லது ஐந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவிக்கிறது. உணவில் இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் குறைவாயின் ஈர்க்கப்படும் அளவு இன்னும் மிகும். இரத்தசோகை பரவலாகவுள்ள நம் நாட்டில் இது பெரிதும் கருதத்தக்கது.

உடலினுள் ஈயம் சுண்ணச் சத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. எலும்பிலும் பல்லிலும் அது பல ஆண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளிப்பட்டுக் கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது. வளர்ந்தோருக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் நேரலாம். குழந்தைகளுக்கு மூளையின் வளர்ச்சியே பாதிக்கப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பள்ளிச் சிறுவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். வெளிப்பார்வைக்கு நோயின் அறிகுறி எதுவுமில்லாத சிறுவர்களிலும், பல்லில் ஈயம் மிகுந்தவர்கள் அறிவுச் சோதனைகளிலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. ஈயத்தின் தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை என்பதே இன்றைய மருத்துவக் கொள்கை. மூளைக்கு நேர்ந்த இழப்பை மருந்தினால் மீட்க இயலாது. எனவே வருமுன் காப்பதே உரிய வழியாகும்.

சாமானைப் பரிசோதித்தல்

வேலையைத் தொடங்குமுன் சாமானின் மேலுள்ள பூச்சு எத்தகையது என்று அறியவேண்டும். மரத்தின் வரிகள் தெரியும்படியான பாலிஷ் பூச்சாயின், கட்டிற்காலின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திவைக்க வேண்டும். பூச்சு இளகி ஒட்டுமானால் அது அவலரக்குப் பாலிஷ் ஆகும். ஸ்பிரிட்டுக்கு இளகாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இளகாதது பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷாகவோ, பிற்காலத்துப் பாலியூரிதேன் பூச்சாகவோ இருக்கும். நல்ல ஈட்டி மரத்தில் அவலரக்குப் பாலிஷ் இன்னும் எஞ்சியிருந்தால் அதன் மேல் வர்ணம் பூசாதிருப்பதே மேல். பூசிய வர்ணம் மரத்தின் நுண்துளைகளில் புகுந்துவிட்டால் பின்னர் அதை முழுதும் நீக்குவது அரிது.

மரத்தை மறைக்கும் வர்ணப்பூச்சாயின், கூரிய அலகினால் மறைவான இடத்தில் ஒரு சாய்ந்த கீறல் இட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக நோக்கலாம். மேலே வெள்ளையும், அதன்கீழ் பச்சையும், அதற்கும் கீழே மஞ்சளுமாகப் பல அடுக்குகள் தெரியக்கூடும். மேலடுக்கு புதியதாயினும் கீழடுக்குகள் பழையவையாக இருக்கும் என்பதை மறக்கலாகாது.

ஈயம் உள்ளதா என்பதை எக்ஸ்-கதிர்க் கருவி கொண்டோ, சிறு சில்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியோ திட்டமாக அறியலாம். ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைப் பஞ்சுகளும் விற்கப்படுகின்றன. ஆனால் அவை மேலடுக்கை மட்டும் தொடுவதால், நிறம் மாறாமையை மட்டும் கொண்டு ஈயம் இல்லையெனத் துணியலாகாது. சோதிக்க வசதியில்லையெனில், 2017-க்கு முற்பட்ட வர்ணம் எதனையும் ஈயமுள்ளதாகவே கொண்டு நடத்தல் வேண்டும்.

இவற்றுடன், மரத்தில் குண்டூசித் தலையளவான துளைகளும் அவற்றினின்று மாவு போன்ற புதுத்தூளும் காணப்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். காணப்பட்டால் மரத்தைத் துளைக்கும் வண்டு உள்ளே உயிருடன் இருப்பதாகப் பொருள். அதனை ஒழித்த பின்னரே பூச்சு வேலையைத் தொடங்கலாம்.

பழைய பூச்சை என்ன செய்வது?

பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் அதனை அகற்றாமல் மூடிவிடுவதே பாதுகாப்பான முறை. உறுதியை அறிய, அலகினால் சிறு கட்டங்களாகக் கீறி, அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி விரைந்து இழுக்கவேண்டும். கட்டங்கள் நாடாவுடன் வராவிடில் பூச்சு உறுதியானதென்று கொள்ளலாம். பின்னர்ச் சோப்பு நீரில் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் நீக்கி உலரவிட வேண்டும்.

சிற்சில இடங்களில் மட்டும் பூச்சு உதிர்ந்தால், அவ்விடங்களைச் சோப்பு நீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டி, சில்லுகளை ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் சேர்க்கவேண்டும். அப்போது தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இருத்தல் அவசியம். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருக்கலாகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. நுண்துகள்களுக்கென்று செய்யப்பட்ட முகமூடியே வேண்டும். உலர்ந்த உப்புத்தாளும் மின்விசைத் தேய்ப்பானும் அறவே கூடா. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவோடு சேர்த்துவிட வேண்டும்.

தீச்சுடரைக் காட்டிப் பழைய வர்ணத்தைப் பொசுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது ஈயத்தை ஆவியாக்கி நேரே நுரையீரலுக்கு அனுப்புவதாகும். வர்ணத்தை இளக்கும் திரவங்களுள் மெதிலீன் குளோரைடு கொண்டவை வேறொரு வகையில் அபாயமானவை. அதன் ஆவி உடலினுள் கார்பன் மோனாக்ஸைடாக மாறும் தன்மையுடையது. மூடிய அறைகளில் அதனை உபயோகித்தவர்கள் உயிரிழந்ததன் காரணமாக அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதன் விற்பனை 2019-இல் தடைசெய்யப்பட்டது. காஸ்டிக் சோடா கையைப் புண்ணாக்குவதுடன் தேக்கின் நிறத்தையும் கருமையாக்கும்.

சாமான் முழுவதிலும் பூச்சு உதிர்ந்தால் வீட்டில் அதனைத் தொடாமலிருப்பதே நன்று. சிறப்பாக, பழைய வர்ணம் பூசிய தொட்டிலையும் குழந்தைக் கட்டிலையும் எந்தப் பூச்சினாலும் பாதுகாப்பானதாகக் கருதலாகாது. பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை கட்டிலின் விளிம்பைக் கடிப்பது இயல்பு. எத்தனை அடுக்குப் பூசினும் பல் அவற்றைக் கடந்து பழைய வர்ணத்தை எட்டிவிடும்.

காவற்பூச்சு

பழைய வர்ணத்துக்கும் புதிய வர்ணத்துக்கும் இடையே ஒரு காவற்பூச்சு அமைக்கவேண்டும். இதற்கு அவலரக்கு மிகவும் ஏற்றது. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே இது. இதன் உற்பத்தியில் இந்தியா உலகில் முன்னணியில் நிற்கிறது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதியாகக் கிடைக்கிறது. ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்குமில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையமும் நிறுவப்பட்டது.

அவலரக்கு பளபளப்பான பரப்பிலும் நன்கு பற்றுவதால் பழைய வர்ணத்தை உரசிச் சொரசொரப்பாக்க வேண்டிய தேவை குறைகிறது. வர்ணமில்லாத தேக்கிலும் இது பயனுடையது. தேக்கிலுள்ள சில இயற்கைப் பொருள்கள் எண்ணெய் வர்ணம் ஆக்ஸிஜனுடன் கூடுவதைத் தடுத்து உலர்வதைத் தாமதப்படுத்துகின்றன. வெளிர் வர்ணத்தில் பழுப்புக் கறைகளையும் உண்டாக்குகின்றன. அவலரக்கு அவற்றை உள்ளேயே அடைத்துவிடுகிறது.

மெழுகு நீக்கிய அவலரக்கு 250 கிராமை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இட்டு, இடையிடையே கலக்கி, ஓரிரவு கரையவிட்டு, வடிகட்டிக்கொள்ள வேண்டும். இதனை மெல்லியதாக இரு முறை பூசி, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் உலரவிட வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். ஆதலின் அருகில் அடுப்போ பீடியோ கூடாது.

அவலரக்கின் மேல் ஓர் எச்சரிக்கை வர்ணம் பூசுதல் சிறந்தது. வேறெந்த அடுக்கிலும் இல்லாத ஒரு நிறத்தை, உதாரணமாகச் சிவப்பை, நீரில் கரையும் வர்ணத்தில் ஒரு முறை பூசிவிட வேண்டும். பின்னர்த் தேய்க்கும்போது சிவப்பு தென்பட்டால் அபாய எல்லையை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அதுவே அறிகுறியாகும்.

அடிவர்ணம், மெழுகு, மேற்பூச்சு

எச்சரிக்கை வர்ணம் உலர்ந்தபின் அடிவர்ணத்தை இரு முறை பூசவேண்டும். தேய்ந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியப்போவது இதுவே. மேற்பூச்சு வெளிர் நிறமாயின் அடிவர்ணம் ஆழ்ந்த நீலமாகவோ காப்பிப்பொடி நிறமாகவோ இருத்தல் பொருந்தும். வாங்கும் வர்ணத்தின் டப்பாவில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படவில்லை என்ற குறிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும்.

ஒரு நாள் உலர்ந்தபின், பிற்பாடு தேய்ந்து தெரியவேண்டிய இடங்களில் மட்டும் வெள்ளை மெழுகுவத்தியை இலேசாகத் தேய்க்கவேண்டும். மெழுகு நீரை ஏற்காத பொருளாதலின், நீர் வர்ணம் அதன் மேல் படிந்தாலும் உறுதியாகப் பற்றுவதில்லை. இவ்விடங்களைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது சிந்தனை தேவை. கட்டிலில் கால்மாட்டுப் பலகையின் மேல் விளிம்பு, ஏறி இறங்கும் பக்கத்துச் சட்டம், கால்களின் அடிப்பகுதி ஆகியவை இயல்பாகத் தேய்பவை. அலமாரியில் கைப்பிடியைச் சுற்றிய பகுதியும் இழுப்பறைகளின் மேல் விளிம்பும் தேயும். கைபடாத நடுப்பலகையில் தேய்மானம் காட்டினால் அது செயற்கை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மேற்பூச்சுக்கு நீரில் கரையும் எமல்ஷன் வர்ணம் மூன்று பங்கும், சாக்குத்தூள் ஒரு பங்கும் போதும். சாக்குத்தூளை முதலில் அதே அளவு நீரில் கட்டியின்றிக் குழைத்துக்கொண்டு பின்னர் வர்ணத்தில் கலக்கவேண்டும். இக்கலவை பளபளப்பை இழப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண வர்ணத்தில் பற்றுப்பொருள் துகள்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதையும் நிரப்பி வழவழப்பான மேற்பரப்பைத் தருகிறது. துகள்களின் விகிதம் மிகும்போது அவ்வெளியை நிரப்பப் பற்றுப்பொருள் போதாமல் மேற்பரப்பு நுட்பமான மேடுபள்ளங்களைப் பெறுகிறது. அதில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுகிறது. பிணைப்பும் சிறிது தளர்வதால் இப்பூச்சைத் தேய்ப்பது எளிதாகிறது. இதனை மெல்லியதாக இரு முறை பூசினால் போதும்.

தேய்க்கும் முறை

மேற்பூச்சு ஒரு நாள் உலர்ந்தபின் தேய்க்கலாம். இங்கும் ஈரமுறையே ஏற்றது. முரட்டுத் துணியை நீரில் நனைத்துப் பிழிந்து மெழுகு தடவிய இடங்களில் தேய்த்தால் மேற்பூச்சு தானே உரிந்து அடிவர்ணம் வெளிப்படும். உரியாத இடங்களில் 320-ஆம் எண் நீர் உப்புத்தாளைச் சோப்பு நீரில் தோய்த்து, மரத்தின் வரி செல்லும் திசையில் மெதுவாகத் தேய்க்கவேண்டும். சில தேய்ப்புகளுக்கு ஒரு முறை துடைத்துப் பார்த்தல் வேண்டும். அடிவர்ணம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

எங்கேனும் எச்சரிக்கை வர்ணம் தென்பட்டால் அங்கே வேலையை நிறுத்தி, உலர்ந்தபின் அடிவர்ணத்தைத் தொட்டுப் பூசிவிட வேண்டும். இவ்வாறு செய்தால் காவற்பூச்சின் கீழுள்ள பழைய வர்ணம் ஓரிடத்திலும் வெளிப்படாது.

முடிவுப் பூச்சும் கழிவுகளும்

தேய்த்து முடிந்தபின் எஞ்சிய மெழுகை உலர்ந்த துணியால் நன்கு துடைத்து எடுத்து, நீரில் கரையும் பளபளப்பற்ற வார்னிஷை இரு முறை பூசவேண்டும். இது இன்றேல் தளர்ந்த மேற்பூச்சு அன்றாட உபயோகத்தில் மேலும் தேய்ந்துவிடும். பூச்சு தொடுவதற்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் முழு வன்மை பெற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை அலமாரியின் மேல் கனமான பொருள்களை வைக்கலாகாது.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ உபயோகித்திருந்தால், அதில் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவைக்கக் கூடாது. எண்ணெய் ஆக்ஸிஜனுடன் கூடும்போது வெப்பம் உண்டாகிறது. குவியலின் நடுவே அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். அவற்றைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்தவேண்டும். பழைய வர்ணத்தின் சில்லுகளை எரிப்பதும், தோட்டத்தில் கொட்டுவதும், சாக்கடையில் கழுவிவிடுவதும் தவறு. இறுகக் கட்டிய பையில் வைத்து, நகராட்சி அபாயக் கழிவுகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலைக்கு உடுத்த ஆடைகளைத் தனியே துவைத்து, உண்பதற்கு முன் கை முகம் கழுவுதல் இன்றியமையாதது.

பட்டறைத் தொழிலாளர்

வீட்டில் ஒருவர் இவ்வேலையை வாழ்நாளில் ஓரிரு முறை செய்வார். பட்டறையில் பணியாற்றும் தொழிலாளியோ நாள்தோறும் செய்கிறார். பழைய கதவுகளையும் சன்னல்களையும் பிரித்தெடுத்து, அவற்றிலுள்ள உண்மையான பழைய வர்ணத்தையே அலங்காரமாகக் காட்டிச் சாமான் செய்யுமிடங்களில் அவருக்கு நேரும் அபாயம் பன்மடங்கு பெரிது. அவருடைய சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிய தூசி மாலையில் அவர் வீட்டையும் அடைகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களைப் பட்டியலிட்டபோது அவற்றுள் முதலாவதாகக் குறித்தது ஈய நச்சையே ஆகும்.

ஈரத்தேய்ப்பு, தூசியை இழுத்தகற்றும் விசிறி, தக்க முகமூடி, வேலைக்கெனத் தனி உடை, உண்பதற்குத் தனி இடம், குறித்த காலந்தோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பட்டறை உரிமையாளர் அளித்தல் கடமை. சாமான் வாங்குவோரும் இதில் உதவலாம். பழமைத் தோற்றம் புதிய, ஈயமற்ற வர்ணத்தில் உண்டாக்கப்பட்டதா, அல்லது மரத்திலிருந்த பழைய வர்ணமே விடப்பட்டுள்ளதா என்று கடையில் கேட்டறிந்து, பின்னதாயின் படுக்கையறைக்கு வாங்காதிருக்கலாம்.

நினைவில் கொள்ளவேண்டியவை

2017-க்கு முற்பட்ட வர்ணத்தைச் சோதிக்கும் வரை ஈயமுள்ளதாகவே கருதுக. உறுதியான பழைய பூச்சை அகற்றாமல் அவலரக்கினால் மூடுக. அதன் மேல் எச்சரிக்கை வர்ணம் ஒன்றை அமைக்க. தேய்ப்பது எதுவாயினும் ஈரமாகவே தேய்க்க. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் இருத்துக. பழைய வர்ணம் பூசிய தொட்டிலைப் புதுப்பிக்க முயலாது விடுக. இவ்விதிகளைக் கடைப்பிடித்தால், பழைய கட்டில் விரும்பிய தோற்றத்தையும் பெறும். அதில் உறங்கும் குழந்தைக்கும் அதனைச் செப்பனிட்ட கைகளுக்கும் தீங்கு நேராது.